வீட்டில் விவரம் அறிந்த ஒருவர்

மார்ச் 3, திங்கள்

வந்துவிட்டது. எட்டாம் வருஷத்து வேலையின்மை எண் 6.9. ஆற்றுக்கு அந்தப் பக்கம் 7.7.

கணினியை நம்பாமல் ஒரு முறை கையாலும் போட்டுப் பார்த்தேன். சரிதான். வேலை பார்ப்பவர், வேலை தேடுபவர் எல்லாரையும் சேர்த்து நூறு என்று வைத்தால், கிடைக்காமல் தேடிக்கொண்டே இருப்பவர் நம்மிடம் ஏழு பேர்கூட இல்லை. அவர்களிடம் ஏறக்குறைய எட்டு. போன வருஷம் இரண்டு பக்கமும் 7.9 என்று சமமாக நின்றது. இந்த வருஷம் நம் சிவப்புக் கோடு அவர்களுடைய நீலக் கோட்டை வெட்டிக்கொண்டு கீழே இறங்கிவிட்டது. வரைபடத்தை அச்செடுத்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன்.

இரண்டு நாட்டுப் புள்ளியியல் அலுவலகங்களும் சேர்ந்து இந்த ஒப்பீட்டை வெளியிடுகின்றன. இந்தப் பக்கத்துக்கு நான். அந்தப் பக்கத்துக்கு எட்டு வருஷமாக ஒரே அம்மாள். அவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் எதிர்க்கரை. முதல் வருஷம் நமக்கு 9.1, அவர்களுக்கு 6.8. கூட்டம் முடிந்து காபி குடிக்கும்போது, என் முதுகைத் தட்டிக்கொடுக்காத குறையாக, அடுத்த முறை பார்க்கலாம் என்றார். ஏதோ நான்தான் தெருத் தெருவாகப் போய் ஆட்களை வேலையிலிருந்து நிறுத்திவிட்டு வந்த மாதிரி. நாலாம் வருஷம் இரண்டு பக்கமும் தொழிற்சாலைகள் மூடின. நமக்கு 11.2, அவர்களுக்கு 8.9. அப்போதும் அதே காபி, அதே பேச்சு. இந்த முறை காபி நான் வாங்கித் தருகிறேன், அம்மா.

வீட்டுக்கு வந்தால் துரை முன்னறைக் கட்டிலில் படுத்திருந்தார். துரை என்று நான் அழைப்பது என் மனைவியின் தம்பியை. டயர் கம்பெனி மூடி மூன்று வருஷம் ஆகிறது. அன்று வந்து படுத்தவன் இன்னும் எழுந்தபாடில்லை.

"நம்ம நாட்டுல வேலையில்லாதவங்க குறைஞ்சுட்டாங்க துரை. உனக்குத் தகவல் வரலையா?" என்று கேட்டேன்.

கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

மார்ச் 5, புதன்

காலையில் செருப்பை மாட்டும்போது போன். எங்கள் அலுவலகத்துக் கணக்கெடுப்புதான்! எங்கள் வீடு கணக்கெடுப்புக்கான குலுக்கலில் விழுந்து இது மூன்றாவது காலாண்டு. மூன்று முறையும் நான்தான் பதில். அந்தப் பெண்ணுக்கு நான் யாரென்று தெரியாது, நானும் சொல்லிக்கொள்ளவில்லை.

"உங்க மச்சினர் போன வாரம் ஒரு மணி நேரமாவது வேலை பார்த்தாரா சார்?"

"ஒரு மணி நேரம் சேர்ந்தாப்போல உட்கார்ந்திருந்தாலே அதிசயம்மா."

சிரிக்காமல் அடுத்த கேள்விக்குப் போனாள். நல்ல பயிற்சி.

"கடந்த நாலு வாரத்துல வேலை தேடினாரா?"

"துரை எதுக்குத் தேடணும்? வேலைதானே அவரைத் தேடி வரணும். தேடலைனு போட்டுக்கோ."

போட்டுக்கொண்டாள். மூன்று பேருக்கும் சேர்த்து நாலு நிமிஷம். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஐந்தாம் வருஷத் தொடக்கத்தில் அந்தச் சுற்றறிக்கையை எழுதியவன் நான். 'வீட்டில் விவரம் அறிந்த ஒருவர் அனைவருக்கும் சேர்த்துப் பதில் அளித்தால் போதும்.' அதற்கு முன் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பிடித்துக் கேட்க வேண்டும். ஒருவன் குளிப்பான், ஒருவன் வெளியே போயிருப்பான், ஒரே வீட்டுக்கு நாலு தடவை போன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இன்னும் அப்படித்தான் வாசலில் தவம் கிடக்கிறார்கள். நாம் முப்பது வீடு முடிக்கும் நேரத்தில் அவர்கள் எட்டு முடித்தால் பெரிது.

எங்கள் கணக்குப்படி, தேடாதவன் வேலையில்லாதவன் ஆக மாட்டான். படிக்கிற பிள்ளைகள், ஓய்வுபெற்றவர்கள் இவர்களோடு சேர்த்து அவனை ஓரமாக வைத்துவிடுவோம். துரைக்குப் பொருத்தமான இடம்.

மார்ச் 6, வியாழன்

இவள், என் மனைவி, நேற்றிலிருந்து பேசவில்லை. தட்டை வைத்த சத்தம் எதிர்வீடு வரைக்கும் கேட்டிருக்கும்.

மார்ச் 9, ஞாயிறு

இன்று வாயைத் திறந்தாள். திறக்காமலே இருந்திருக்கலாம்.

துரை கடைக்குப் போன நேரம். துணி மடித்துக்கொண்டிருந்தவள் மடித்த சட்டையை என் முன்னால் எறிந்தாள்.

"அவன் தேடலைனு யாரைக் கேட்டுச் சொன்னீங்க?"

"கண்ணால பார்க்கறேனே. காலைல போறப்ப படுத்திருக்கான், சாயங்காலம் வர்றப்ப படுத்திருக்கான்."

"நீங்க பஸ் ஏறின பத்தாவது நிமிஷம் அவன் கிளம்பிடுவான். வேலைவாய்ப்பு அலுவலகம், ஆத்துப்பாலத்துப் பக்கம் இருக்கற கிடங்கு எல்லாம், பஸ் டிப்போ — எங்கெங்கேயோ நடக்கறான். நீங்க வர்றதுக்குள்ள வந்து படுத்துடுவான். மூணு வருஷமா இதான்."

"எங்கிட்ட எதுக்கு மறைக்கணும்?"

"எங்க போனேனு கேப்பீங்க. கிடைக்கலைன்னா அதையும் கேப்பீங்க. நாலு பேரு இருக்கறப்ப கேப்பீங்க. தேடியும் கிடைக்காதவன்னு பேரு வாங்கறதுக்குச் சோம்பேறின்னே இருந்துட்டுப் போறேன்க்கான்னு சொல்லிட்டான்."

கோபம்தான் வந்தது. என் வீட்டில், என் கூரைக்கடியில், எனக்கே நாடகம் போட்டிருக்கிறார்கள் அக்காவும் தம்பியும். எனக்கு எப்படித் தெரியும்? யாராவது சொன்னாத்தானே தெரியும்? நான் என்ன மந்திரவாதியா? வேலை தேடுகிறவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தேடறேன் என்று சொல்ல வேண்டியதுதானே?

மார்ச் 11, செவ்வாய்

களப்பிரிவு மேற்பார்வையாளரிடம் போய், ஒரு வீட்டின் பதிலைத் திருத்த முடியுமா என்று பட்டும் படாமல் கேட்டேன். முடித்து அனுப்பியதைத் திறக்க முடியாது என்றார். பிறகு கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "அந்த வரி உங்க சுற்றறிக்கைல இருக்கறதுதானே சார்? நாங்க அப்பவே சொன்னோம்" என்றார்.

அப்போதே சொன்னார்களாம்! எனக்கு அப்படி ஒன்றும் ஞாபகமில்லை.

வந்த வேகத்தில் தரவைத் திறந்தேன். நாலாம் வருஷம் வரை நூற்றுக்கு இருபத்திரண்டு பேருக்குத்தான் வேறொருவர் பதில் சொல்லியிருக்கிறார். ஐந்தாம் வருஷத்திலிருந்து ஏறி, இப்போது அறுபத்து நாலு. சிவப்புக் கோடு எப்போது சரியத் தொடங்கியது? அதுவும் ஐந்தாம் வருஷம்தான்.

இது தற்செயலாகவும் இருக்கலாம். தொழிற்சாலைகள் திறந்த வருஷமும் அதுதான்.

மார்ச் 12, புதன்

தற்செயல் என்றால் நிரூபித்துவிட்டுப் போகலாமே. எனக்கென்ன பயம்?

இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள் உள்ளவர்கள். போன காலாண்டில் அவர்களுக்காக வீட்டில் வேறொருவர் 'தேடவில்லை' என்று சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் இருநூறு பேர். மதியச் சாப்பாட்டு நேரத்தில் நானே கூப்பிட்டு அவர்களையே கேட்கப் போகிறேன். யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

இதுவரை ஐம்பத்தேழு பேர். கணக்கெடுப்புக்காரர்கள் எப்படித்தான் இதையே பிழைப்பாக வைத்திருக்கிறார்களோ. ஒருவன் நான் பேச ஆரம்பித்ததும் கடன் அட்டையா என்று கேட்டுப் போனை வைத்துவிட்டான். இன்னொருவன், அரசாங்கம் இப்போதுதான் தூங்கி எழுந்ததா என்று கேட்டான். எழுந்துவிட்டது, பதில் சொல் என்றேன். சொன்னான். தேடியிருக்கிறான்.

இன்று ஒரு பெண்.

"அப்பா பக்கத்துல இருக்காரு சார். தேடலைனே எழுதிக்கோங்க" என்று அவசரமாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். அஞ்சு நிமிஷத்தில் அவளே திரும்பக் கூப்பிட்டாள். பின்னால் வண்டிச் சத்தம். தெருவில் நின்று பேசுகிறாள் போல.

"தேடறேன் சார். பதினோரு இடம் போயிட்டேன். கல்யாணப் பேச்சு நடக்குது, வேலைக்கு அலையறேனு தெரிஞ்சா அப்பா கத்துவாரு. வீட்டு நம்பருக்கு மட்டும் திரும்பப் பண்ணாதீங்க."

பண்ண மாட்டேன் என்று சொல்லிவிட்டு, காகிதத்தில் ஒரு கோடு போட்டேன். சாப்பாட்டைத் தொடவில்லை. ஆறிப்போய்விட்டது.

மார்ச் 27, வியாழன்

ஒருவனுக்காக மனைவி பதில் சொல்லியிருக்கிறாள், ஒருத்திக்காக மாமியார், ஒருவனுக்காக வீட்டுச் சொந்தக்காரர். இன்று பேசியவன் முப்பத்தாறு வயது, தச்சன். "தேடறேன்னு சொன்னா கிடைச்சுதானு கேப்பாங்க சார். அதுக்கு எதுக்குச் சொல்லிக்கிட்டு?" என்றான். வீட்டில் இவள் சொன்ன அதே பேச்சு. நாடு முழுக்க உட்கார்ந்து ஒத்திகை பார்த்திருப்பார்களோ!

தேடுகிறவன் யாரிடம் மறைப்பான்? வீட்டில் கேள்வி கேட்கிறவனிடம். போனை எடுத்துப் பதில் சொல்வது யார்? அதே ஆள். ஐந்தாம் வருஷத்தில் இதை யோசிக்கத் துப்பில்லாமல் விவரம் அறிந்த ஒருவர் என்று எழுதிவிட்டு மார் தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஏப்ரல் 2, புதன்

இருநூறு பேரில் ஐம்பத்து நாலு பேர் தேடியிருக்கிறார்கள்.

அவர்களை உரிய இடத்தில் சேர்த்துக் கணக்குப் போட்டால் எட்டாம் வருஷம் 6.9 இல்லை. 9.2.

கோடு வெட்டவில்லை. தொடக்கூட இல்லை. ஐந்து, ஆறு, ஏழும் இப்படித்தான் இருக்கும். தோண்டிப் பார்க்கப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

இயக்குநரிடம் போனேன். அலுவலகத்தில் அவருக்கு இஸ்திரி என்று பெயர். எத்தனை மணிக்குப் பார்த்தாலும் சட்டையில் ஒரு மடிப்புக் கலைந்திருக்காது. நான் கொடுத்த இரண்டு பக்கக் குறிப்பை நின்றபடியே படித்தார்.

"இதை உங்களை யாரு செய்யச் சொன்னா?"

"யாரும் சொல்லலை சார். சந்தேகம் வந்தது."

"மே மாசம் வெளியீடு. அமைச்சர் வர்றாரு. இப்பத்தான் சந்தேகம் வருதா?" குறிப்பை மேஜைமேல் வைத்து, ஒரு விரலால் என் பக்கம் தள்ளினார். "அந்தச் சுற்றறிக்கைல கையெழுத்து யாரோடது?"

"என்னோடது."

"அப்ப இது யாரோட தப்பு?"

குறிப்பை எடுக்கக் கையை நீட்டினேன்.

"எட்டு வருஷமா அந்தம்மாவை ஒரு தடவையாவது முந்தணும்னு புலம்பினீங்க. இப்ப முந்திட்டோம். வீட்டுக்குப் போய் நிம்மதியா தூங்குங்க."

தள்ளிய குறிப்பை எடுத்துக்கொண்டு வந்து என் மேஜையின் கடைசி இழுப்பறையில் வைத்தேன். வெட்கமில்லாத மனுஷன். ஆனால் ஆள் பார்த்துத்தான் பேசியிருக்கிறார். புலம்பியது உண்மைதானே.

ஏப்ரல் 10, வியாழன்

எதிர்க்கரையிடமிருந்து கடிதம். கூட்டறிக்கையில் இருவரும் கையெழுத்திட வேண்டும். வரையறைகளைச் சரிபார்த்துவிட்டாராம், எல்லாம் ஒத்துப்போகின்றனவாம். வாழ்த்துகளாம். கடைசியில் ஒரு வரி: 'இந்த எட்டு ஆண்டுகளில் உங்கள் பக்கம் கேள்வி கேட்கும் முறையில் மாற்றம் ஏதும் செய்திருக்கிறீர்களா?'

ஆயிரம் கண் அந்த அம்மாளுக்கு.

ஏப்ரல் 11, வெள்ளி

'இல்லை' என்று பதில் எழுதினேன். ஒரே வார்த்தை. அனுப்பிவிட்டேன்.

பொய்தான். சரி, வேறென்ன எழுதியிருக்க முடியும்? 'ஆமாம் அம்மா, நான் ஒரு மடையன், நீங்கள் வாசலில் காத்துக் கிடந்ததுதான் சரி' என்றா? இன்னொரு முறை அந்தக் காபியைக் குடிக்க என்னால் முடியாது. முடியவே முடியாது.

மே 20, செவ்வாய்

வெளியீடு. பெரிய திரையில் சிவப்பும் நீலமும். இரண்டும் வெட்டிக்கொள்கிற இடத்தில் யாரோ மஞ்சளில் வட்டம் வேறு போட்டு வைத்திருந்தார்கள். இஸ்திரி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எதிர்க்கரை வந்திருந்தார். என்னிடம் நேராக வந்து, நல்ல வேலை என்று மட்டும் சொன்னார். குத்தலே இல்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது. காபி வாங்கித் தரவில்லை. தலைவலி என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன்.

வீட்டில் தொலைக்காட்சியில் அதே படம். இவள் கை கட்டிக்கொண்டு நின்று பார்த்தாள்.

"நூத்துக்கு ஏழு பேருகூட இல்லையாமே. அதுல என் தம்பி எங்க?"

"இல்ல."

"இல்லன்னா?"

"அந்தக் கணக்குல அவன் இல்ல."

தொலைக்காட்சியை அணைத்துவிட்டு உள்ளே போனாள்.

ஜூன் 12, வியாழன்

செய்தி: வேலையின்மை குறைந்துவிட்டதால் நகரத்தின் பதினொரு வேலைவாய்ப்புக் கிளை அலுவலகங்களும் மூடப்படுகின்றன. ஆதாரமாக எங்கள் அறிக்கையின் பக்க எண்ணைப் போட்டிருக்கிறார்கள். எட்டாம் பக்கம். அந்தப் பக்கத்தை எழுதியவனும் நான்தான்.

அவர்கள் மூட வேண்டும் என்று முன்பே முடிவு செய்திருப்பார்கள். ஒரு காரணம் தேவைப்பட்டிருக்கும். நான் எடுத்துக் கொடுத்தேன், அவ்வளவுதானே?

அவ்வளவுதானா?

ஜூன் 16, திங்கள்

காய்ச்சல் என்று விடுப்பு. வீட்டில் இருப்பேன் என்று துரைக்குத் தெரியாது. காலையில் அவன் குளித்துக்கொண்டிருந்தபோது இவள் காய்கறிக் கடைக்குப் போய்விட்டாள். நான் உள்ளறையில் இருந்தேன். அவன் கிளம்பியதைக் கதவுச் சத்தத்தில் தெரிந்துகொண்டேன். பதினொரு மணிக்கே திரும்பினான். கையில் ஒரு துண்டுக் காகிதம். என்னைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டான். தேய்த்த சட்டை, சீவிய தலை. மூன்று வருஷத்தில் நான் அவனை அந்தக் கோலத்தில் பார்த்ததே இல்லை.

"எங்க போயிட்டு வர்றே?" என்று கேட்டேன். வாய் பழகிவிட்டது. வேறு மாதிரி கேட்கத்தான் நினைத்தேன்.

"அலுவலகத்தை மூடிட்டாங்க மாமா. கதவுல ஒட்டியிருக்கு. நாட்டுல வேலையில்லாதவங்க குறைஞ்சுட்டாங்களாம். உங்களுக்குத் தகவல் வரலையா?"

நான் சொன்ன பேச்சையே எனக்குத் திருப்பிக் கொடுக்கிறான்.

"வாயை அடக்கிப் பேசு."

"மூணு வருஷமா அடக்கித்தான் மாமா இருந்தேன். அன்னைக்குப் போன்ல என்னைப் பத்திச் சொன்னீங்களே, நான் தூங்கலை. முழிச்சுத்தான் படுத்திருந்தேன். முதல் தடவை சொன்னப்பவும் முழிச்சிருந்தேன். ரெண்டாவது தடவையும்."

"எழுந்து வந்து சொல்லியிருக்கலாமே? நான் தேடறேன்னு சொல்ல உனக்கு வாய் இல்லையா?"

"உங்ககிட்டயா?"

அவ்வளவு வெறுப்பு அந்த ஒரு வார்த்தையில். என் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டு என்று வாய் வரை வந்தது, சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது ஒன்றுதான் இன்று நான் செய்த நல்ல காரியம்.

ஜூன் 22, ஞாயிறு

துரை போய்விட்டான். பாலம் தாண்டி அந்தப் பக்கம். டயர் கம்பெனியில் அவனோடு வேலை பார்த்தவர்கள் நாலு பேர் அங்கே ஓர் அறை எடுத்திருக்கிறார்களாம். ஒரே பை. இவள் பஸ் நிற்கும் இடம் வரை போய் வந்தாள். நான் போகவில்லை. ஜன்னலிலிருந்துகூடப் பார்க்கவில்லை. குளியலறைக் குழாய் ஒழுகுவதைச் சரி செய்துகொண்டிருந்தேன்.

ஜூன் 30, திங்கள்

முன்னறை காலி. கட்டிலை மடித்து வைத்துவிட்டாள். இனி நான் யாரைக் குத்திப் பேசுவது?

ஜூலை 8, செவ்வாய்

எதிர்க்கரைக்கு எழுதினேன். கேள்வி கேட்கும் முறையில் மாற்றம் இல்லை என்று ஏப்ரலில் எழுதியது பொய். ஐந்தாம் வருஷம் மாற்றினோம், மாற்றியவன் நான். இருநூறு பேரின் அட்டவணையை இணைத்திருக்கிறேன். சரியான எண் 9.2.

நல்லவனாகிவிட்டேன் என்று நானே நினைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக இதையும் எழுதி வைக்கிறேன். இஸ்திரியை எனக்குப் பிடிக்காது. அந்தத் திரையில் போட்ட மஞ்சள் வட்டம் பிடிக்கவில்லை. காலையில் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் அந்த வரைபடத்தைப் பார்க்கும்போதெல்லாம், தெருவில் நின்று பேசிய பெண்ணின் பின்னால் கேட்ட வண்டிச் சத்தம் காதில் விழுகிறது. இதெல்லாம் சேர்ந்துதான். வீட்டுப் பேச்சு எதுவும் கடிதத்தில் எழுதவில்லை. அது அந்த அம்மாளுக்குத் தேவையில்லாதது.

ஜூலை 10, வியாழன்

பதில் வந்தது. மூன்று வரி. 'உங்கள் வருத்தம் எனக்குத் தேவையில்லை. ஐந்தாம் ஆண்டிலிருந்து முழுத் தரவையும் அனுப்புங்கள். ஏப்ரலில் உங்கள் வார்த்தையை நம்பிக் கையெழுத்திட்டேன், அதை நான் மறக்கப் போவதில்லை.'

திட்டுவார், இல்லை கேலி செய்வார் என்று எதிர்பார்த்தேன். என்னை நம்பினாராம். எட்டு வருஷமாக நான் ஒரு தடவையாவது அந்த அம்மாளை நம்பியிருக்கிறேனா? முழுத் தரவையும் அனுப்பினேன்.

ஜூலை 25, வெள்ளி

இஸ்திரி கத்தினார். அவர் கத்தி இன்றுதான் கேட்கிறேன். நாட்டையே காட்டிக் கொடுத்துவிட்டேனாம், அதுவும் பாலத்துக்கு அந்தப் பக்கத்துக்கு. "உங்களுக்கு அறிவு இருக்கா?" என்று மூன்று முறை கேட்டார். மூன்றாவது முறை, "சுற்றறிக்கை எழுதினப்ப இல்ல சார், இப்பத்தான் வந்தது" என்றேன். வெளியே போ என்று கையைக் காட்டினார். சட்டை அப்போதும் கசங்கவில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

திருத்தம் வெளிவந்தது. இரண்டு அலுவலகமும் சேர்ந்து ஒரே பக்கம். ஆறாம் பக்கத்து மூலையில் ஒரு செய்தித்தாள் மட்டும் போட்டிருந்தது. மூடிய கிளைகளைத் திறப்பதைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. புதிய சுற்றறிக்கையைக் களப்பிரிவு மேற்பார்வையாளர் எழுதினார்: ஒவ்வொருவரையும் நேரில் கேட்க வேண்டும். ஒரு பிரதி என் மேஜைக்கு வந்தது. 'நேரில்' என்ற வார்த்தைக்கு அடியில் பென்சிலால் இரண்டு கோடு.

என்னைக் கால்நடைப் பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள். தரைக்குக் கீழே இருக்கும் அறை, ஒரு மேசை விசிறி. ஆடு, மாடு, கோழி எண்ணிக்கை. மாட்டுக்காக மாட்டுக்காரன்தான் பதில் சொல்ல வேண்டும். அதில் யாரும் குற்றம் கண்டுபிடிக்க முடியாது.

அக்டோபர் 19, ஞாயிறு

காலைச் செய்தித்தாளில் அந்தப் பக்கத்து மூன்றாம் காலாண்டு எண் வந்திருக்கிறது. 8.0. ஏறியிருக்கிறது. படித்து முடிப்பதற்குள் துரையின் போன். இவள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் துணி மடித்தாள். நான் இருப்பது அவனுக்குத் தெரியுமோ தெரியாதோ.

வேலை இன்னும் கிடைக்கவில்லை. கிடங்கு, படகுத்துறை, ஒரு காகித ஆலை எல்லாம் பார்த்துவிட்டான். பிறகு வேறொன்று சொன்னான்.

"போன மாசம் ஒரு அம்மா கணக்கெடுக்க வந்தாங்கக்கா. ரெண்டு தடவை வந்தப்ப நான் இல்ல. அறையில இருந்தவன், நான் சொல்றேன் எழுதிக்கோங்கன்னு சொல்லியிருக்கான். மாட்டேன்னுட்டாங்களாம். மூணாவது தடவை வந்து படிக்கட்டுலயே உட்கார்ந்திருந்தாங்க. நான் நடந்து வந்து சேர ஒரு மணி நேரம் ஆச்சு. நீங்க வேலை தேடறீங்களானு கேட்டாங்க."

"நீ என்னடா சொன்னே?"

"எல்லாத்தையும் சொன்னேன். எங்கெங்க போனேன், என்னைக்குப் போனேன், யாரு என்ன சொன்னாங்க எல்லாம். அவ்வளவு வேண்டாம், ஆமாம் இல்லைனு மட்டும் சொன்னா போதும்னாங்க. ஆனாலும் நான் சொன்னதையெல்லாம் கேட்டுட்டே இருந்தாங்கக்கா."

இவள் மடித்துக்கொண்டிருந்த துணியை அப்படியே முகத்தில் வைத்துக்கொண்டாள். அப்புறம், "மாமாகிட்ட குடுக்கட்டுமா?" என்றாள்.

"வேணாம்கா."

யோசிக்காமல் சொன்னான். நான் பேப்பரைத் திருப்பினேன்.

இங்கிருந்து அவன் போனதில் நம் எண் ஒரு புள்ளிகூட அசைந்திருக்காது. இங்கே அவன் அதில் இருந்ததே இல்லை. அந்தப் பக்கத்துக் கோடு ஏறுவதைப் பார்க்க வேண்டும் என்று எட்டு வருஷம் ஆசைப்பட்டேன். ஏறிவிட்டது. அதில் எங்கள் வீட்டு ஆள் ஒருவன் இருக்கிறான்.